பச்சைப் பொட்டு

யோபுவின் பெயருக்கு நேராக மூன்று சிவப்புப் பொட்டு ஒட்டியாயிற்று. நான்காவதும் ஒட்டினால் ஆள் வெளியே. வெளியே என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அதற்கு ‘ஓய்வு அளித்தல்’ என்று பெயர். சாம்சுந்தர் எதற்கும் ஒரு பெயர் வைத்திருப்பான்.

கோயம்புத்தூரில் ஏசி மண்டபத்தில் இரண்டு நாள் நடந்த பயிற்சிக்குப் போய்விட்டு வந்ததிலிருந்துதான் அவனுக்கு இந்தக் கோளாறு. அதற்கு முன்பு காலண்டர் தாளின் அடியில் போடுகிற பொன்மொழிகளை எழுதிக் கொடுத்துக்கொண்டு, யாருக்கும் தொந்தரவில்லாமல் சிவகாசியில் இருந்தவன்தான். திரும்பி வரும்போது ‘சுயதொழில் படைப்பாளர் பொறுப்புக் குழு’வின் நிறுவனராக பஸ்ஸிலிருந்து இறங்கினான். குழு என்றால் மொத்தம் நான்கு பேர். அவன், கல்யாண வீடியோ எடுக்கிற தனுஷ்கோடி, பத்திரிகைக்குப் படம் வரைகிற இசைவாணி, வெடிப்பெட்டி லேபிளும் ஃப்ளெக்ஸ் போர்டும் டிசைன் பண்ணுகிற யோபு. முதலாளி இல்லாதவனுக்குச் சோம்பல் வரும், ஆகவே ஒருவருக்கொருவர் முதலாளியாக இருந்து கொள்ள வேண்டும் என்பது தத்துவம்.

திங்கள்கிழமை பத்தரைக்கு சாம்சுந்தர் வீட்டு மாடியில் கூட்டம். ஒவ்வொருவராக எழுந்து நின்று, சொன்னது என்ன, செய்தது என்ன என்று மூன்று நிமிடத்துக்குள் ஒப்பிக்க வேண்டும். ஜெபக் கூட்டத்தில் சாட்சி சொல்வதைப் போலத்தான். இங்கே கர்த்தருக்குப் பதிலாக செல்போன் அலாரம் கேட்டுக்கொண்டிருக்கும். செய்திருந்தால் சுவரில் தொங்கும் அட்டையில் பச்சை ஸ்டிக்கர் பொட்டும், அளவாக மூன்று கைதட்டும். செய்யாவிட்டால் சிவப்பு. பொட்டு இசைவாணியின் உபயம்.

“யோபண்ணே வரிசையப் பாத்தா இருக்கன்குடி மாரியாத்தா நெத்தி மாதிரி இருக்கு,” என்றான் தனுஷ்கோடி.

“அவரு வேதக்காரருடா. கோவிச்சுக்கப் போறாரு,” என்றாள் இசைவாணி.

யோபு கோபித்துக்கொள்ளவில்லை. வேலை தெரியாத ஆள் இல்லை அவர். இருபது வருடம் அச்சாபீஸில் ஆர்ட்டிஸ்டாக இருந்தவர். சரவெடிப் பெட்டிக்கு மயில் ஒன்று வேண்டும் என்றால் கழுத்து நீலத்தைச் சரி பண்ணவே மூன்று நாள் எடுத்துக்கொள்வார். நாலாம் நாள் கம்பெனிக்காரன், கூகுளில் கிடைத்த மயிலை வேறு ஆளிடம் ஒட்டி வாங்கிக்கொண்டு போயிருப்பான். யோபுவின் மயில் தோகையில்லாமல் கம்ப்யூட்டருக்குள் நிற்கும்.

அச்சாபீஸை விட்டு வீட்டோடு உட்கார்ந்த பிறகு அந்தத் தெருவில் அவருக்கு ஒரே பெயர்தான்: ‘ரீனா சிஸ்டர் வீட்டுக்காரர்.’ ரீனா பெரியாஸ்பத்திரியில் தீக்காய வார்டு நர்ஸ். சம்பளமும் மரியாதையும் அவள் வழியாகத்தான் வீட்டுக்குள் வந்தன. வாரத்தில் ஒரு நாள், அந்த மாடியில் மட்டும், ‘நம் படைப்பாளர் யோபு’ என்று ஒருவன் அழைக்கிறான். அழைப்பவன் சாம்சுந்தர்தான் என்றாலும் காதுக்குச் சுகமாகத்தான் இருந்தது. அதை இழக்க அவருக்கு மனம் இல்லை.

“அண்ணே, கடைசி வாய்ப்பு,” என்றான் சாம்சுந்தர். “ஒங்களுக்குன்னு தனி உறுதிமொழி எழுதியிருக்கேன். ‘வந்த வேலையை வந்த அன்றே ஆறு மணிக்குள் முடிப்பேன்.’ சத்தமாச் சொல்லுங்க.”

யோபு சத்தமாகச் சொன்னார்.

“மௌன நேரத்த மறந்துறாதீக.”

மௌன நேரம் என்பது மத்தியானம் இரண்டு முதல் ஆறு வரை. அந்த நேரத்தில் போனை அணைத்து ஒரு டப்பாவுக்குள் போட்டு மூடிவிட வேண்டும். போன் உள்ளே இருப்பதைப் படம் எடுத்துக் குழுவில் போட வேண்டும் என்று முதலில் ஒரு விதி இருந்தது. “எதை வச்சு எடுக்க?” என்று இசைவாணி கேட்டாள். விதி வாபஸ் ஆனது.

யோபு வீட்டில் அதற்கு வாய்த்தது சாத்தூர் காராச்சேவு டின்.

*

புதன்கிழமை பன்னிரண்டேகாலுக்கு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ரீனா அடுப்பில் கருவாட்டுக் குழம்பை இறக்கிக்கொண்டிருந்தாள். சத்தம் ஒன்றா இரண்டா என்று அந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்று என்றால் பட்டாசு ஆலையில் ஒரு ரூம். தொடர்ந்து வந்தால் வரிசை. அன்று மூன்று கேட்டது.

“விஸ்வநத்தம் பக்கந்தான்,” என்றார் யோபு, மொட்டை மாடியிலிருந்து. சித்திரை வெயிலில் வானம் வெளுத்துக் கிடந்தது. புகை அதில் அழுக்குத் துணி போல மெதுவாக விரிந்தது.

அன்று ரீனாவுக்கு விடுப்பு. கூப்பிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். போன் வருவதற்குள் சேலை மாற்றிவிட்டாள். “சோத்த வடிச்சு வச்சிருக்கேன். நேரத்துக்குச் சாப்பிடுங்க,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒன்றரை மணிக்கு அருள்பாண்டி பைக்கில் வந்து இறங்கினான். வார்டுத் தேர்தலில் இரண்டு முறை தோற்றவன். தோற்றாலும் தொண்டு நிற்கவில்லை. பிறந்தநாள், காதுகுத்து, சாவு எதுவானாலும் அவனுடைய போர்டு முதலில் நிற்கும்.

“அண்ணாச்சி, ஆறு மணிக்குள்ள வேணும். மத்தவன் முந்திருவான். விலக்கு ரோட்டு முக்குல மாட்டணும். எட்டுக்குப் பத்து.”

“எத்தன பேரு?”

“அஞ்சு பேரு முடிஞ்சிருச்சு. ஆறாவது பத்திரகாளின்னு ஒரு பொம்பள, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காக. நிச்சயமாத் தெரியல. படத்த மட்டும் இப்ப அனுப்புதேன். கேட்டுட்டு போன்ல சொல்லுதேன்.”

“சரி.”

“எம் படம் அந்தக் கும்புடு போட்டது இருக்குல்ல, அதப் போடுங்க. சிரிக்கிறத போட்டுறாதீக. போன தடவ போட்டுட்டீக.”

“போன தடவ பூப்புனித நீராட்டு விழால்லா?”

“அதுக்கு முந்துன தடவயச் சொல்லுதேன்.”

அவன் போன பிறகு யோபு படங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினார். மணி இரண்டு. போனை அணைத்து டின்னுக்குள் போட்டு மூடினார். அணைக்கும்போது அருள்பாண்டி போனில் சொல்வதாகச் சொன்னது நினைவுக்கு வரத்தான் செய்தது. மூன்று சிவப்புப் பொட்டும் கூடவே நினைவுக்கு வந்தன. கட்டுப்பாடு என்றால் கட்டுப்பாடுதான் என்று, மனத்துக்குள் சாம்சுந்தரின் குரலிலேயே சொல்லிக்கொண்டார்.

முதலில் ஐந்து படங்களை வைத்துப் பார்த்தார். மேலே மூன்று, கீழே இரண்டு. கீழ் வரிசையில் ஒரு மூலை பல் விழுந்த வாய் போல இருந்தது. இரண்டையும் நடுவுக்கு நகர்த்தினால் அருள்பாண்டியின் கும்பிட்ட கைமுட்டி ஒரு செத்தவர் காதில் இடித்தது. அருள்பாண்டியைச் சிறிதாக்க முடியாது. அவன் செத்தவர்களைப் போல ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும் என்பது நிரந்தர ஆர்டர். யோபு ஆறாவது படத்தை எடுத்து அந்த மூலையில் வைத்தார். அமைந்துவிட்டது. மேலே மூன்று, கீழே மூன்று. சும்மா ஒரு பார்வைக்குத்தான் வைத்தார். அப்புறம் எடுக்க மனம் வரவில்லை.

அந்தப் படம் கோயில் வாசலில் எடுத்தது. முப்பது வயதுப் பெண், நெற்றியில் திருநீறு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிய சிரிப்பு. அவள் தோளில் பின்னாலிருந்து ஒரு சின்னப் பிள்ளையின் கை கிடந்தது. போர்டில் அது உறுத்தும். விரல் விரலாக அழித்து, அந்த இடத்தில் சேலைப் பூவை வரைந்து நிரப்பினார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. எங்கே கை இருந்தது என்று பெற்ற தாய்கூடச் சொல்ல முடியாது. வெகு நாளுக்குப் பிறகு வேலையில் அவருக்கு ஒரு திருப்தி வந்தது.

ஐந்தரைக்குப் பென் டிரைவோடு ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனார். ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது போர்டு மெஷினிலிருந்து சூடாக இறங்கியது. அருள்பாண்டியின் ஆட்கள் ஆட்டோவோடு நின்றார்கள். அருள்பாண்டி போர்டைப் பார்த்தான். அவன் பார்த்தது ஒரு படத்தைத்தான். “மூஞ்சி நல்லா வந்திருக்கு,” என்று சொல்லிவிட்டுப் போனான்.

வீட்டுக்கு வந்து டின்னைத் திறந்தார். முதலில் குழுவுக்குள் போய் ‘முடிந்தது, 5.55’ என்று போட்டார். கைதட்டும் பொம்மைகள் மூன்று மூன்றாக வந்து விழுந்தன. ‘இதுதான் படைப்பாளனின் மறுபிறப்பு’ என்று எழுதினான் சாம்சுந்தர். அதைப் படித்து முடித்த பிறகுதான் மற்றதைப் பார்த்தார். ரீனாவிடமிருந்து தவறிய அழைப்புகள் ஏழு. மூன்றேகாலுக்கு அருள்பாண்டியின் செய்தி ஒன்று: ‘பத்திரகாளி உசுரோட இருக்கு. அந்தப் படத்த எடுத்துருங்க.’

வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. விலக்குக்கு நடந்து போனால் பத்து நிமிடம். போர்டு ஏழு மணிக்கு மேல்தான் மேலே ஏறும். ஒரு போன் போட்டால் போதும். அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இப்போது இறக்கினால் வேலை முடிந்ததாகாது. திருத்தி, மறுபடி அடித்து, மாட்ட ஒன்பது ஆகும். கைதட்டை எல்லாம் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

காலையில் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தார். அதோடு, காலைக்குள் எப்படியும்… என்றும் ஒரு நினைப்பு வந்தது. அதை முடிக்காமல் விட்டார். முடிக்காமல் விடுவது அவருக்குக் கைவந்த கலை.

*

காலை ஆறரை பஸ்ஸில் வந்து விலக்கில் இறங்கிய ரீனா, இரவெல்லாம் கொசுவலைக்குள் படுக்க வைத்து உதட்டில் ஈரப்பஞ்சு ஒற்றிவிட்ட முகத்தை, ஒன்பதடி உயரத்தில் மாலை போட்ட படமாகப் பார்த்தாள். ‘கண்ணீர் அஞ்சலி.’ கீழே கூட்டம். கூட்டத்துக்கு நடுவில் பத்திரகாளியின் தாய் சோலையம்மாள் மண்ணில் கிடந்தாள். ராத்திரியே யாரோ போர்டைப் படம் எடுத்து அனுப்ப, இருக்கன்குடிப் பக்கத்திலிருந்து தாய்மாமன் வீட்டார் வேன் பிடித்து, மாலையும் பிணத்துக்குப் போர்த்தக் கோடிச் சேலையுமாக வந்து இறங்கியிருந்தார்கள்.

“எந்திரிங்க ஆத்தா. ஒங்க மக உசுரோட இருக்கா. நான் அவ பக்கத்துல இருந்துதான் வாரேன். அஞ்சு மணிக்குப் பேசுனா.”

சோலையம்மாள் அவளை நம்பவில்லை. போர்டைக் கையால் காட்டினாள். “அம்புட்டுப் பெருசாப் போட்டிருக்காகளே தாயி!”

வீட்டுக்குள் வந்த ரீனா பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“அந்தப் படம் எப்படி வந்துச்சு?”

“அருள்பாண்டி குடுத்தான். தெரியாமப் போச்சு ரீனா. போன் டின்னுக்குள்ள இருந்துச்சு.”

“ஏழு தடவ கூப்பிட்டேன். எதுக்குன்னு தெரியுமா? அந்தப் புள்ளையோட ஆத்தா நம்ம விலக்குலதான் இருக்கு. போன் கெடையாது. ‘எங்காத்தாட்ட நான் இருக்கேன்னு சொல்லச் சொல்லுங்க சிஸ்டர்’னு அவ கேட்டா. எரிஞ்ச வாயோட கேட்டா. ஒங்கள அனுப்பலாம்னு கூப்பிட்டேன்.”

“மௌன நேரம்…”

“என்ன நேரம்?”

யோபு டின்னைக் காட்டினார்.

“டின்ன எப்பத் தொறந்தீக?”

“ஆறு மணிக்கு.”

“போர்ட எப்ப மாட்டுனாக?”

“…ஏழுக்கு மேல.”

ரீனா அவரை ஒரு நிமிடம் பார்த்தாள். வார்டில் கட்டுப் பிரிக்கும்போது பார்க்கிற பார்வை. பிறகு டின்னை எடுத்தாள். தாளில் மடித்து வைத்திருந்த காராச்சேவை அதில் கொட்டி, அழுத்தி மூடி, அலமாரியில் வைத்தாள்.

“போய் எறக்குங்க. ஆள் விட்டு இல்ல, நீங்களே ஏறி எறக்குங்க.”

இறக்கினார். கீழே நின்றவர்கள் கேட்டதற்கெல்லாம் “தெரியாமப் போச்சுய்யா” என்றே சொன்னார். அருள்பாண்டியும் வந்து, “டிசைன் மிஸ்டேக்,” என்று ஊருக்கு அறிவித்தான். தாய்மாமன் வீட்டார் மாலையைக் கருவேலமரத்தில் வீசிவிட்டு வேன் ஏறினார்கள். கோடிச் சேலைதான் பிரச்சினை ஆயிற்று.

“கொண்டு வந்த கோடிய வீட்டுக்குத் திருப்பிக் கொண்டு போகப்படாது மதினி. எங்க வீட்டுலயும் பொம்பள இருக்கா.”

“உசுரோட இருக்குறவளுக்குக் கோடிய வாங்கி நான் எங்கன வைப்பேன்?” என்றாள் சோலையம்மாள்.

கடைசியில் அதை அவள் குடிசைக்கு வெளியே, கோழி அடைக்கிற கூடையின்மேல் வைத்துவிட்டுப் போனார்கள். அரக்குச் சேலை. நான்கு நாள் அது அங்கேயே வெயிலில் கிடந்தது. யாரும் தொடவில்லை. கூடைக்குள் கோழியும் அடையவில்லை என்று சொன்னார்கள்.

போர்டு யோபுவின் கட்டிலுக்கு அடியில் சுருண்டு கிடந்தது. எரித்துவிடலாம் என்று எடுத்தார். ஐந்து பேர் உண்மையாகவே செத்தவர்கள். எரிக்கக் கை வரவில்லை. பத்திரகாளிக்கு உடம்பில் அறுபது சதவீதம் தீக்காயம் என்று ரீனா சொன்னாள். ஒவ்வொரு நாளும் அவள் டியூட்டி முடிந்து வரும்போது யோபு வாசலில் நிற்பார். “இருக்கா,” என்பாள் ரீனா. அதற்கு மேல் அந்த வீட்டில் பேச்சு இல்லை.

*

திங்கள்கிழமை வந்தது. சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணித்தான் யோபு மாடிப்படி ஏறினார். பொறுப்புக்கென்றே ஒரு குழு. அங்கே சொல்லாமல் வேறு எங்கே சொல்வது?

தனுஷ்கோடிக்கு ஒரு பச்சை. இசைவாணிக்கு ஒரு பச்சை. யோபு எழுந்து நின்றார். சாம்சுந்தர் அலாரத்தைத் தட்டிவிட்டான்.

“புதன்கிழம ஒரு போர்டு… அது ஒங்களுக்குத் தெரியும். ஊருல எல்லாருட்டயும் தெரியாமப் போட்டுட்டேன்னு சொன்னேன். அது முழுசா உண்ம இல்ல. ஆறு மணிக்கு…”

“அண்ணே, ஒரு நிமிசம்,” என்றான் சாம்சுந்தர். “நீங்க ஒங்களையே தண்டிச்சுக்கிறீக. பயிற்சியில இதுக்குன்னே ஒரு அமர்வு வச்சாக. ஒங்க உறுதிமொழி என்ன? வந்த வேலைய வந்த அன்னைக்கே ஆறு மணிக்குள்ள. முடிச்சீகளா?”

“முடிச்சேன்…”

“மணி?”

“அஞ்சு அம்பத்தஞ்சு.”

“அம்புட்டுத்தான். விளைவு நம்ம கையில இல்ல. செயல்தான் நம்ம பொறுப்பு.”

“அவர முடிக்க விடுங்க சாம். என்னமோ சொல்ல வாராருல்ல,” என்றாள் இசைவாணி.

“ஆறு மணிக்கு டின்னத் தொறந்து…” என்று யோபு மறுபடி ஆரம்பித்தார். அலாரம் அடித்தது. குயில் கூவுகிற மாதிரி ஒரு சத்தம் வைத்திருந்தான்.

சாம்சுந்தர் பச்சைப் பொட்டு ஒன்றை உரித்து, மூன்று சிவப்புக்குப் பக்கத்தில் ஒட்டினான். தட்டு, தட்டு, தட்டு. இசைவாணி மட்டும் கை தட்டவில்லை. அதே நேரத்தில் யோபுவின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. ரீனா.

“போயிட்டா,” என்றாள். “பத்து மணிக்கு.” வைத்துவிட்டாள்.

“நல்ல செய்தியாண்ணே?” என்று சிரித்த முகமாகக் கேட்டான் சாம்சுந்தர்.

*

அருள்பாண்டியின் போன் மத்தியானம் வந்தது. “அண்ணாச்சி, அந்தப் பழைய போர்டு இருக்குல்லா? புதுசு வேணாம். இப்பத்தான் ஆறும் சரியாருச்சே.”

சாயங்காலம் நாலரைக்கு யோபு போர்டைத் தோளில் சுமந்துகொண்டு விலக்குக்குப் போனார். ஏணி கம்பத்தில் சாய்ந்திருந்தது. அதன் அடியில் ஒரு ஆள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். ஐந்து நாள் தாடி. ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்துக் கசங்கிய சட்டை. பத்திரகாளியின் புருசன் செல்லச்சாமி. உடல் வர ஆறு மணி ஆகும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

“அருள்பாண்டி ஆள் வரலியா?”

“போர்ட கட்ட நீங்களே வருவீகன்னு சொன்னாக அண்ணாச்சி. ஏணி பிடிக்க ஆள் வேணும்லா. வீட்டுல ஒரே அளுகையா இருக்கு.”

யோபு ஏறினார். காற்று ஆரம்பித்திருந்தது. ஃப்ளெக்ஸ் படபடவென்று அடித்தது. மேல் மூலையைக் கட்டினார். கீழே செல்லச்சாமி ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தலையைத் தூக்கிப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இது நாங்க கோயிலுக்குப் போனப்ப எடுத்தது. அவ தோள்ல எம் மக கை கெடக்கும். காங்கலியே?”

“அழிச்சிட்டேன்.”

“ஓ.” கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, “அளிச்ச தடமே தெரியல,” என்றான்.

யோபுவுக்கு முடிச்சுப் போட வரவில்லை. கயிறு கையில் நழுவியது.

“அண்ணாச்சி, ஒண்ணு கேக்கலாமா? சிஸ்டர்ட்ட கேட்டேன். ‘எங்க வீட்டுக்காரர்ட்டயே கேளு’ன்னுட்டாக. அன்னைக்கு நீங்க தெரியாமத்தான் போட்டீகளா?”

மேலே ஒன்பது அடியில், செத்தவளின் முகத்துக்குப் பக்கத்தில் தம் முகத்தை வைத்துக்கொண்டு யோபு நின்றார். மூன்று நிமிடம் என்று யாரும் இங்கே கணக்குப் பார்க்கவில்லை.

“போடும்போது தெரியாது. ஆறு மணிக்குத் தெரிஞ்சிச்சு. மாட்டுறதுக்கு முன்னாலேயே தெரிஞ்சிச்சு. நெனச்சா நிறுத்தியிருக்கலாம். காலையில பாத்துக்கலாம்னு இருந்துட்டேன்.” அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. “காலைக்குள்ள அவ போயிருவாள்னும் நெனச்சேன்யா.”

பஸ் ஒன்று வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. ஏணி ஒரு தடவை அசைந்தது. யோபு கண்ணை மூடிக்கொண்டார். விழுந்தால் விழட்டும் என்றிருந்தது. ஏணி மறுபடி கம்பத்தோடு அழுந்தி நின்றது.

“அந்தக் கோடிச் சேலை,” என்றான் செல்லச்சாமி. “நாலு நாளா எங்க மாமியா அதப் பாத்துக்கிட்டே கெடந்துச்சு. இன்னைக்குக் காலையில தட்டி மடிச்சு உள்ள கொண்டு போய் வச்சுச்சாம். பத்து மணிக்கு முன்னாலயே. நான் பக்கத்து வீட்டுக்குப் போன் பண்றதுக்கு முன்னாலயே.”

யோபு கயிற்றை மறுபடி இழுத்துப் பிடித்தார்.

“எடது பக்கம் தொங்குது அண்ணாச்சி,” என்றான் செல்லச்சாமி. குரல் மாறவே இல்லை. “முடிச்ச எறுக்கிப் போடுங்க. காத்து பெருசா வருது. நான் பிடிச்சிருக்கேன்.”